கேரவன் வாங்கும் முன்

கேரவன் வாங்கும் எண்ணமா? முதலில் எடையைக் கேளுங்கள். எந்த வண்டியில் கட்டியது என்பதைப் பொறுத்து அது மாறும். டெம்போ டிராவலர் போன்ற வேனில் கட்டியது குறுகலான ஊர்த் தெருக்களிலும் நுழையும். உள்ளே இடம் குறைவு. பாரத்பென்ஸ் போன்ற பஸ் சேஸிஸில் கட்டினால் கழிவறை, சமையல் மேடை எல்லாம் தாராளம். ஆனால் மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டினால் கார் ஓட்டும் உரிமம் போதாது. காலி வண்டியின் எடையை வைத்துக் கணக்கிடாதீர்கள். தண்ணீர், ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்ந்ததுதான் மொத்த எடை. மோட்டார் கேரவன்களுக்கென ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி உண்டு. அதன்படி சான்று பெற்ற வண்டிதானா என்று கட்டாயம் பாருங்கள். பழைய வேனை வாங்கி, அனுமதியின்றிப் பட்டறையில் மாற்றிக் கட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.