கோடீஸ்வரன் வழக்கு: சம்பள உரிமையும் மொழியுரிமையும்

மறுக்கப்பட்ட சம்பளவேற்றத்தைக் கோரி அரச ஊழியரொருவர் தொடுக்கும் வழக்கு சாதாரணமாக ஒரு தனிமனிதரின் கணக்கு விவகாரமாகவே கொள்ளப்படும். ஆனால், இலங்கையின் அரசியலமைப்பு வரலாற்றில் மிக ஆழமான வினாவொன்று எழுதுவினைஞர் ஒருவரின் சம்பளவேற்றத்திலிருந்தே எழுந்தது. கோடீஸ்வரன் எதிர் சட்டமா அதிபர் என அறியப்படும் அவ்வழக்கு இரு வினாக்களைத் தன்னகத்தே கொண்டிருந்தது. அவற்றுள் ஒன்றுக்கே இறுதி விடை கிடைத்தது.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை நாட்டின் ஒரே அரசகரும மொழியாக்கியது. அதனை நடைமுறைப்படுத்தும் பொருட்டு 1961 டிசம்பரில் திறைசேரி 560ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தை வெளியிட்டது. குறித்த காலத்துள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியெய்தாத ஊழியரின் சம்பளவேற்றம் நிறுத்தப்படுமென்பது அதன் சாரம். 1952இல், நிர்வாகம் ஆங்கிலத்தில் நடைபெற்ற காலத்தில், அரசாங்க எழுதுவினைஞர் சேவையிற் சேர்ந்தவர் கோடீஸ்வரன். சேரும்போது இல்லாதிருந்த நிபந்தனையொன்றின் பேரில் 1962இல் அவரது சம்பளவேற்றம் மறுக்கப்பட்டது. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தை நாடினார்.

அவர் தரப்பு வாதத்தின் அடித்தளம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவாகும். ஒரு சமூகத்தவருக்கு மட்டும் தடைகளையோ இயலாமைகளையோ விதிக்கும் சட்டத்தையும், ஒரு சமூகத்தவருக்கு மட்டும் சலுகை வழங்கும் சட்டத்தையும் பாராளுமன்றம் இயற்றலாகாது என அது விதித்தது. மீறி இயற்றப்படுவது அம்மீறலின் அளவுக்குச் செல்லுபடியாகாது எனவும் கூறியது. 1964இல் மாவட்ட நீதிபதி ஓ.எல். டி கிரெற்சர், மொழிச் சட்டம் இப்பிரிவை மீறுகின்றது எனக் கண்டு வழக்காளிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்.

அரசு மேன்முறையீடு செய்தது. 1967இல் பிரதம நீதியரசர் எச்.என்.ஜி. பெர்னாண்டோவும் நீதியரசர் ஜி.பி.ஏ. சில்வாவும் அத்தீர்ப்பை மாற்றினர். முடியின் கீழ்ப் பணியாற்றும் ஊழியர் தமது சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாது என்பதே உயர் நீதிமன்றம் காட்டிய காரணம். வழக்கே நிலைக்காதெனில் அரசியலமைப்பு வினாவை ஆராய வேண்டியதில்லை என்றாயிற்று. மொழிப் பிரச்சினை தீர்க்கப்படவில்லை; தவிர்க்கப்பட்டது.

1969 டிசம்பரில் இலண்டன் கோமறைக் கழகம் இதனை நிராகரித்தது. டிப்லொக் பிரபு வழங்கிய தீர்ப்பு, உரோமன் டச்சுச் சட்டத்தின் அடியாக இலங்கையில் வளர்ந்த வழக்காற்றை ஆராய்ந்தது. ஒப்பந்தக் கடமைகளுக்காக இந்நாட்டில் அரசின் மீது வழக்கிடலாம் என்பது 1884இலேயே ஏற்கப்பட்டிருந்தது. ஊழியரை முடி தன் விருப்பின்படி விலக்கலாம் என்பது உண்மையே; ஆயின், விலக்கும் அதிகாரம் ஏற்கெனவே உழைத்துப் பெறவேண்டிய ஊதியத்தை மறுக்கும் அதிகாரமாகாது. இவ்வாறு முடிவு செய்த கழகம், அரசியலமைப்பு வினாவைத் தானே தீர்க்காது உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பியனுப்பியது.

அவ்வினாவுக்கு விடை வரவேயில்லை. கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீட்டு முறையை 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. 1972 மே 22இல் நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இடம்பெறவில்லை. சிங்களமே அரசகரும மொழி என்னும் விதி சாதாரண சட்டத்தின் நிலையிலிருந்து அரசியலமைப்பின் நிலைக்கு உயர்த்தப்பட்டது. இயற்றி முடிக்கப்பட்ட சட்டத்தின் வலிதுடைமையை நீதிமன்றத்தில் வினவும் வாய்ப்பும் அகன்றது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் அத்தடையைப் பேணிற்று. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமென்னும் ஏற்பாடு 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்துடனேயே வந்தது.

இவ்வழக்கின் பெறுபேற்றை இரு நிலைகளில் மதிப்பிட வேண்டும். உழைத்த ஊதியத்துக்காக அரசின் மீது வழக்காடும் உரிமை தமிழ் ஊழியருக்கு மட்டும் உரியதன்று. தமிழ் எழுதுவினைஞர் ஒருவர் நிலைநாட்டிய அவ்வுரிமை சிங்கள, முஸ்லிம் ஊழியருக்கும் சமமாகவே பயன்பட்டது. தொழிலாளர் உரிமையும் மொழியுரிமையும் ஒன்றுக்கொன்று புறம்பானவை என்போர் இதனைக் கருத்திற் கொள்ளல் தகும்.

மறுபுறத்தில், ஊழியர் இன்னொரு மொழியைக் கற்கவேண்டும் என்பது தன்னளவில் அநீதியன்று. 2007 ஜூலையின் பின் அரச சேவையிற் சேர்வோர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமென விதிக்கப்பட்டுள்ளது. அது இரு திசைகளிலும் செல்லும் கடமை. 1961இன் சுற்றுநிருபமோ ஒரு திசையில் மட்டுமே சென்றது. ஒரு சாராரின் தாய்மொழி அவர்தம் தகைமையாகவும் மறுசாராரின் தாய்மொழி அவர்தம் குறைபாடாகவும் கணிக்கப்பட்டமையே கோடீஸ்வரன் எழுப்பிய வினாவின் உட்பொருள். அவ்வினா நீதிமன்றத்தில் தோற்கவில்லை. அதனை எழுப்புவதற்கு ஆதாரமாயிருந்த சட்டவாசகமே நீக்கப்பட்டது.