பாட்டின் இடைவெளியில் ஒலிக்கும் கை

வானொலியில் ஒரு பாட்டைக் கேட்கிறோம். பாடியவர் இன்னார், இயற்றியவர் இன்னார், இசையமைத்தவர் இன்னார் என்று அறிவிப்பாளர் கூற, நாமும் மனத்திற் கொள்கிறோம். ஆனால், பாட்டின் ஓரடி முடிந்து மறு அடி தொடங்குமுன், பாடகர் மூச்சு வாங்கும் சிறு பொழுதில், தபேலாவோ மிருதங்கமோ டிரம்ஸோ சட்டென்று முழங்கி ஓய்கிறதே, அந்தக் கை யாருடையது? அதனை எவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. பாட்டின் சொற்களை மறந்தவர்கூட அந்த முழக்கத்தை மறப்பதில்லை என்பதுதான் வியப்பு. வாயால் ஒலித்தோ மேசையில் தட்டியோ அதனை முடித்த பின்னரே அடுத்த அடிக்குச் செல்வர்.

மேசையில் தட்டுவது என்றதும் எனக்கு ஒரு மாணவன் நினைவுக்கு வருகிறான். வெலிமடைப் பகுதியில் உள்ள எங்கள் பாடசாலையில் ஒருநாள், ஆசிரியர் வராத வகுப்பிலிருந்து தாள ஒலி கேட்டது. உள்ளே சென்று அவனைக் கடிந்துகொண்டேன். பின்னர், ஒலி நன்றாயிருந்தமையால், "என்ன தட்டினாய்? மறுபடியும் தட்டு" என்றேன். திரைப்பாட்டு ஒன்றின் இடை முழக்கத்தைப் பிசகின்றித் தட்டினான். அதனைத் தொடர்ந்து வேறொன்று தட்டினான். அது முன்னதைவிடக் கடினமானது. "இது எந்தப் படம்?" என்றேன். அவன் வாய் திறக்கவில்லை. பக்கத்திலிருந்தவன், "அது அவங்க தாத்தா தப்படிக்கிறதுங்க சேர்" என்றான். வகுப்பு சிரித்தது. பையன் தலை குனிந்தான்.

அந்தச் சிரிப்புக்கு விடை சொல்லுமுன், இந்தச் சிறு முழக்கம் எப்படி அமைகிறது என்பதைப் பார்ப்போம்.

மேல்நாட்டு டிரம்ஸ் கலைஞர் இதனை 'ஃபில்' என்பர். நிரப்புதல் என்பது பொருள். நம் சங்கீத மரபிலே 'தீர்மானம்', 'மோரா' என்று வழங்குவன இதற்கு நெருங்கிய உறவினர். வெற்றிடத்தை ஒலியால் அடைப்பது இதன் பணியெனக் கருதுதல் குறைவான கருத்தாகும். சென்ற அடியை முடித்து வைத்தல், வரும் அடிக்குக் கட்டியங் கூறல், பாடுவோரையும் கேட்போரையும் தாளத்தின் தொடக்கத்திற் கொண்டுவந்து சேர்த்தல் என மூன்று பணிகளை இது இரண்டொரு விநாடியில் ஆற்றுகிறது.

நேயர்கள் தம் கையாலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைகளுள் கடைசி நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நான்காகப் பகுத்தால் 16 மாத்திரை ஆகும். முதல் மாத்திரையிற் பேசாதிருந்து, 'தா-தி-கி-ண-தொம்' என்னும் ஐந்து மாத்திரைச் சொற்கட்டை மூன்று முறை சொல்லுங்கள். ஒன்றும் பதினைந்தும் பதினாறு. அடுத்த அடி தாளத்தின் தொடக்கமாகிய சமத்திலே போய் விழும். நான்கு நான்காகச் செல்லும் நடையில் ஐந்து ஐந்தாக அடி விழும்போது, தாளம் தவறிவிட்டதோ என்று செவி ஐயுறுகிறது. மூன்றாம் முறை முடிந்து சமத்திற் சேரும்போது ஐயம் நீங்கி உள்ளம் குளிர்கிறது. நல்ல முழக்கத்தின் இன்பம் இந்த ஐயத்திலும் அதன் தெளிவிலும் உள்ளது. விரைவு மட்டும் இதனைத் தராது.

கச்சேரியிலே மிருதங்க வித்துவானுக்குத் தனி ஆவர்த்தனம் உண்டு. கால்மணி, அரைமணி என்று அவர் தம் புலமையைக் காட்டலாம். இசைத்தட்டு வந்தபோது அந்த வசதி சுருங்கியது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடமே ஓடும். அதற்குள் பல்லவி, சரணம், இடையிசை யாவும் அடங்க வேண்டும். வாசிப்பவருக்கு எஞ்சியது அடிக்கும் அடிக்கும் நடுவேயுள்ள இடுக்கு ஒன்றே. அரைமணி நேரத்துப் புலமையை அந்த இடுக்கில் வைக்கக் கற்றார்கள். அக்காலத்தில் பாடகரும் வாத்தியக்காரரும் ஒருங்கே கூடி ஒரே ஓட்டத்திற் பதிவு செய்தனர். ஒருவர் கை பிசகினாலும் பாட்டு முழுவதையும் மீண்டும் பாட வேண்டியதுதான்.

1948இல் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட 'சந்திரலேகா' படத்தில் பேரளவான முரசுகளின்மேல் ஆடும் நடனத்தை மறந்தவர் இலர். முரசுகளின் உள்ளே வீரர் மறைந்திருப்பர். முழக்கம் ஏற ஏற, அடுத்து நிகழப் போவதை நம் நெஞ்சு முன்கூட்டியே அடித்துக்கொள்ளும். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில், டி. எம். சௌந்தரராஜன் பாட, சிவாஜி கணேசன் வீணையும் குழலும் மிருதங்கமும் தாமே வாசிப்பதாக அமைந்த பாட்டில், குரலுக்கு மிருதங்கம் விடையிறுக்கும் இடங்களைச் செவிகொடுத்துக் கேளுங்கள். கே. வி. மகாதேவன் இசையமைத்த பாட்டு அது. எம். எஸ். விசுவநாதனின் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் நோயல் கிராண்ட். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சிவமணி, தமக்கு ஊக்கமளித்தோருள் அவரை ஒருவராகச் சொல்லுகிறார். கலைஞர் கலைஞரை அறிகின்றனர். கேட்கும் நாமோ பெயரறியாமலே இன்புறுகிறோம்.

கடல் கடந்த நாடுகளிலும் நிலைமை பெரிதும் வேறன்று. பாடகரே வாசிப்பவராகவும் இருந்துவிட்டாற் புகழ் கிட்டும். 1981இல் ஃபில் காலின்ஸ் பாடிய 'இன் தி ஏர் டுநைட்' என்னும் பாட்டில், மூன்றரை நிமிடத்துக்கு மேலாக மெல்லிய இயந்திரத் தாளம் ஒன்றே ஓடிக்கொண்டிருக்கும். பின்னர் டிரம்ஸ் இடியெனப் புகும். அந்தச் சில அடிகளுக்காகவே அப்பாட்டைக் கேட்போர் உளர். கிரெகரி கோல்மன் என்ற அமெரிக்கரின் கதையோ வேறு. 1969இல் 'வின்ஸ்டன்ஸ்' என்னும் குழுவின் இசைத்தட்டில் அவர் தனித்து வாசித்த பகுதி ஏழு விநாடி அளவே ஆகும். பிற்காலத்தார் அதனை வெட்டியெடுத்து ஆயிரக்கணக்கான பதிவுகளிற் சேர்த்தனர். அதன் பொருட்டு ஒரு காசும் அவர் பெறவில்லை. 2006இல் வறுமையிலே மறைந்தார்.

இனி நம் ஊவா மலைக்குத் திரும்புவோம். அந்தப் பையன் தட்டிய இரண்டாவது முழக்கம் தப்பினுடையது. மரவளையத்தில் தோலை இழுத்துக் கட்டி, நீண்ட மெல்லிய குச்சி ஒன்றும் குட்டையான தடித்த குச்சி ஒன்றும் கொண்டு அடிப்பது தப்பு. விடியற் கருக்கலில் தோட்டத் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்தது அது. திருவிழாவிலும் சாவு வீட்டிலும் முழங்குவது அது. மாசி மாதத்துக் காமன் கூத்தில் இரதி வரும்போது ஓர் அடி, மதன் வரும்போது ஓர் அடி என்று பாத்திரத்துக்கேற்ப அடி மாறும். ஓரடியிலிருந்து மற்றோரடிக்குத் தாவும் இடத்தில் அடிப்பவர் ஒரு சிறு முழக்கம் வைப்பார். அதைக் கேட்டே ஆடுவோர் கால் மாற்றுவர். முடித்தல், கட்டியங் கூறல், சேர்த்தல் ஆகிய மூன்று பணிகளும் அதில் உள்ளன. இசைத்தட்டு தோன்றுமுன்பே இம்மலைகளில் அது ஒலித்துக்கொண்டிருந்தது.

திரையில் வந்த முழக்கத்தைத் தட்டியபோது வியந்த வகுப்பு, தாத்தாவின் முழக்கத்தைக் கேட்டுச் சிரித்தது ஏன்? தப்படிப்பவர் தாழ்ந்தவர் என்ற பழைய எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் அதனைப் புத்தகத்திலிருந்து கற்கவில்லை, நம்மிடமிருந்தே கற்றனர்.

நான் அந்தப் பெரியவரைத் தேடி லயத்துக்குச் சென்றேன். பாடசாலைக்கு வரவேண்டும் என்று கேட்டேன். "சாமிக்கும் சாவுக்கும் அடிக்கிறதுங்க. பள்ளிக்கூடத்துக்குள்ள எப்படிங்க கொண்டாறது?" என்று தயங்கினார். இரண்டு முறை சென்ற பின்னரே இசைந்தார். அன்று காலை பனிமூட்டத்தால் தோல் தளர்ந்திருந்தது. முற்றத்தில் சருகு கூட்டித் தீ மூட்டினார். தப்பைக் காய்ச்சும்போது அதைத் திருப்பித் திருப்பிப் பிடித்தவன் பேரன்தான். பின்னர் ஐந்து வகை அடிகளை அடித்துக் காட்டி, ஒவ்வொன்றும் எதற்குரியது என்று சொன்னார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. அடி மாறும் இடங்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் போட்டியிட்டனர்.

நேயர்களிடம் நான் வேண்டுவது சிறிது. அடுத்த முறை பாட்டுக் கேட்கும்போது, குரல் ஓயும் இடத்தில் செவியை எடுத்துவிடாதீர்கள். அங்கே ஒரு மனிதர் உழைக்கிறார். கூடுமானால் அவர் பெயரைக் கேட்டறியுங்கள். உங்கள் ஊரில் தப்போ தவிலோ உடுக்கையோ வாசிக்கும் முதியவர் இருந்தால், அவர் கையில் உள்ளதைப் பதிவு செய்து வையுங்கள்.

அன்று பெரியவர் அடித்ததை நான் கைத்தொலைபேசியிற் பதிவு செய்தேன். தொடங்குமுன், "முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்றேன். சற்றே விழித்தார். பின்பு தம் பெயரையும் தம் தகப்பனார் பெயரையும் தெளிவாகச் சொல்லிவிட்டே குச்சியை எடுத்தார்.