ஆலை வாசல் ஆங்கிலம்: வேலையைச் சொல்லும், ஆளைச் சொல்லாது!

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக ஒரு முறை போய்வந்தால் போதும். சுவரிலும் கதவிலும் ஆங்கிலம் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். கிடங்கு, எண்ணெய்த் தொட்டி, கிரேன், கன்டெய்னர் யார்டு என்று எங்கே திரும்பினாலும் ஓர் அறிவிப்புப் பலகை!

இந்த வட்டாரத்துக்கு ஆங்கிலம் புதிதல்ல. 1856ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிற்பாடு அசோக் லேலண்டு என்று பெயர் மாறி, எண்ணூரில் லாரிகளைச் செய்தது. 2001ல் எண்ணூர் துறைமுகம் திறக்கப்பட்டது. இப்போது அதன் பெயர் காமராஜர் துறைமுகம். ரயில், ஆலை, துறைமுகம் ஒவ்வொன்றும் வந்தபோது, ஆங்கிலத்தில் எழுதிய சட்டதிட்டங்களும் கூடவே வந்தன.

அந்தப் பலகைகளை நின்று படித்தால் ஒரு விஷயம் புலப்படும். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை!

"ஹெல்மெட்ஸ் மஸ்ட் பி வோர்ன்" – தலைக்கவசம் அணிய வேண்டும்.

"கேட் ஷுட் பி கெப்ட் குளோஸ்டு" – கதவு மூடியே இருக்க வேண்டும்.

"விசிட்டர்ஸ் மே பி செர்ச்டு" – வருகிறவர்கள் சோதனை செய்யப்படலாம்.

பள்ளிக்கூடத்தில் இதைச் செயப்பாட்டு வினை என்று படித்திருப்போம். ஆலை வாசலில் அது வெறும் இலக்கணப் பாடம் அல்ல. சில சமயம் ஓர் உயிரே அதில் தொங்கிக்கொண்டிருக்கும்.

மூன்று துண்டு

இந்த வாக்கியத்தில் மூன்று துண்டுகள் உண்டு. முதலில் ஒரு துணைவினை: மஸ்ட், ஷல், ஷுட், மே, கேன், வில் இவற்றில் ஒன்று. நடுவில் "பி". கடைசியில் வினையின் மூன்றாவது வடிவம்.

நடுவில் இருக்கும் "பி" சின்னச் சொல்தான். ஆனால் அதை விட்டால் பொருளே புரண்டுவிடும். "பாரம் மஸ்ட் பி சப்மிட்டட்" என்றால் படிவத்தைக் கொடுக்க வேண்டும் என்று பொருள். "பாரம் மஸ்ட் சப்மிட்" என்று எழுதினால், படிவம் தானே நடந்து போய் எதையோ கொடுக்க வேண்டும் என்று ஆகிவிடும்! வேலைக்கு மனுப் போடும் இளைஞர்கள் பலர் செய்யும் பிழை இது.

எடைக்கல் எது?

முதல் துண்டுதான் தராசின் எடைக்கல். "மஸ்ட்", "ஷல்" என்றால் கட்டாயம். "ஷுட்" என்றால் செய்வதே முறை. செய்யாவிட்டால் தக்க காரணம் சொல்ல வேண்டும். "கேன்" என்றால் முடியும். "வில்" என்றால் நடக்கப் போவது நிச்சயம்.

"மே" கொஞ்சம் பொல்லாதது. அதற்கு இரண்டு முகம். "தி கிரேன் மே பி மூவ்டு" என்று ஒரு குறிப்பு இருந்தால், "கிரேனை நகர்த்த அனுமதி உண்டு" என்றும் பொருள் கொள்ளலாம். "கிரேன் எந்நேரமும் நகரக்கூடும், ஜாக்கிரதை" என்றும் பொருள் கொள்ளலாம். ஒன்று அனுமதி, மற்றொன்று எச்சரிக்கை!

தமிழில் வேறொரு சங்கடம். "மஸ்ட்" என்றாலும் "ஷுட்" என்றாலும் நாம் "வேண்டும்" என்றே எழுதிவிடுகிறோம். ஒரு கிலோ எடைக்கல்லும் கால் கிலோ எடைக்கல்லும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே, கட்டாயமான இடத்தில் "கட்டாயம்" என்ற சொல்லையும் சேர்த்து எழுதுவதே நல்ல மொழிபெயர்ப்பு.

'வேண்டாம்' தரும் விபரீதம்

மறுத்துச் சொல்லும்போது சங்கடம் இன்னும் பெரிதாகிறது. "வால்வு மஸ்ட் நாட் பி ஓபன்டு" என்றால் வால்வைத் திறக்கவே கூடாது. "வால்வு நீட் நாட் பி ஓபன்டு" என்றால் திறக்கும் அவசியம் இல்லை. திறந்தாலும் குற்றம் இல்லை.

இரண்டையும் "திறக்க வேண்டாம்" என்று தமிழாக்கினால் என்ன ஆகும்? முதலாவது வால்வைத் தொட்டால் ஆபத்து. இரண்டாவதைத் தொட்டால் ஒன்றும் இல்லை. படிக்கும் தொழிலாளிக்கு எது எது என்று எப்படித் தெரியும்? "கூடாது" என்பதற்கும் "தேவையில்லை" என்பதற்கும் உள்ள தூரத்தை "வேண்டாம்" மறைத்துவிடுகிறது.

செய்தார்களா, செய்திருப்பார்களா?

இதைவிட ஏமாற்றும் வடிவம் ஒன்று உண்டு. அது நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசும் வடிவம்.

"தி டேங்க் மஸ்ட் ஹேவ் பீன் கிளீன்டு" – தொட்டியைச் சுத்தம் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இது ஊகம்.

"தி டேங்க் ஷுட் ஹேவ் பீன் கிளீன்டு" – சுத்தம் செய்திருக்க வேண்டும். பெரும்பாலும், செய்யவில்லை என்று பொருள். இது குறை.

"தி டேங்க் வாஸ் கிளீன்டு" – சுத்தம் செய்தார்கள். இது ஒன்றுதான் செய்தி!

தமிழில் "சுத்தம் செய்யப்பட்டிருக்க வேண்டும்" என்று எழுதினால், ஊகமும் குறையும் ஒரே பாயில் படுத்துக்கொள்கின்றன. ஷிப்ட் மாறும்போது நோட்டுப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருந்தால், அடுத்து வருபவர் எதை நம்பித் தொட்டிக்குள் இறங்குவது?

விளக்கம் கேட்டு வரும் கடிதங்களிலும் இது நுழையும். "ஷுட் ஹேவ் பீன் ரிப்போர்ட்டட்" என்று இருந்தால், "தெரிவித்திருக்க வேண்டும், நீ தெரிவிக்கவில்லை" என்ற குற்றச்சாட்டு அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சும்மா ஒரு நினைவூட்டல் என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

ஆள் எங்கே?

இனி முக்கியமான கேள்வி. "கதவு மூடப்பட வேண்டும்" சரி. மூடுவது யார்?

லாரி டிரைவர், "வாட்ச்மேன் மூடுவார்" என்று போய்விடுவார். வாட்ச்மேன், "திறந்தவர் மூடட்டும்" என்று இருந்துவிடுவார். கதவோ திறந்தே கிடக்கும்! வாக்கியம் வேலையைச் சொன்னது, ஆளைச் சொல்லவில்லை.

லண்டன் பாதாள ரயிலின் நகரும் படிக்கட்டுகளில், நாய்களைத் தூக்கிச் செல்ல வேண்டும் என்று இதே அச்சில் ஓர் அறிவிப்பு உண்டு. நாய் இல்லாதவன் படிக்கட்டில் ஏறக் கூடாதா என்று அந்த ஊர்க்காரர்களே கேலி பேசுவார்கள்.

ஆளைச் சொல்லாமல் விடுவது எப்போதும் தவறல்ல. தலைக்கவசம் எல்லாரும் அணிய வேண்டியது. அங்கே ஆளைக் குறிக்கத் தேவையில்லை. ஒருவர் பொறுப்பேற்க வேண்டிய வேலையில்தான் இந்த அச்சு ஆபத்தாகிறது.

கடலில் கண்ட வழி

ஆலை வாசலில் இருக்கும் இந்தக் குழப்பம் துறைமுக வாசலிலும் உண்டு. கப்பலில் பல நாட்டு மாலுமிகள். கரையில் நம் ஊர்க்காரர்கள். இடையில் ரேடியோவில் ஆங்கிலம்.

லண்டனில் இருக்கும் சர்வதேச கடல்சார் அமைப்பு, 2001 நவம்பரில் கடல்வழிப் பேச்சுக்கென்று ஒரு வாக்கியத் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. எண்ணூர் துறைமுகம் திறந்த அதே ஆண்டுதான். கப்பலைச் செலுத்தும் பொறுப்பிலுள்ள அதிகாரிகள் இந்த வாக்கியங்களைக் கற்றிருப்பது அவசியம்.

அந்தத் தொகுப்பு மே, மைட், ஷுட், குட் ஆகிய நான்கு சொற்களையும் குழப்பம் தருபவை என்று ஒதுக்கிவைக்கிறது. "கால்வாய்க்குள் நீங்கள் வரலாம்" என்று "மே" போட்டுச் சொல்லக் கூடாது. "பதில்: உங்களுக்கு உள்ளே வர அனுமதி இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். "ஆபத்தில் சிக்கக்கூடும்" என்று இழுக்கக் கூடாது. "எச்சரிக்கை: ஆபத்தை நோக்கிப் போகிறீர்கள்" என்று உடைத்துச் சொல்ல வேண்டும். கேள்வி, பதில், உத்தரவு, ஆலோசனை, எச்சரிக்கை, தகவல், வேண்டுகோள், உத்தேசம் ஆகிய எட்டில் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். எடை தெரிந்துவிடுகிறது!

ஆளைச் சொல்வதற்கும் கடலில் முன்மாதிரி உண்டு. கப்பல்கள் மோதாமல் தடுப்பதற்கான 1972ஆம் ஆண்டு சர்வதேச விதிகளில் ஐந்தாவது விதி, "கண்காணிப்பு வைக்கப்பட வேண்டும்" என்று சொல்லவில்லை. ஒவ்வொரு கப்பலும் எந்நேரமும் கண்காணிப்பு வைக்க வேண்டும் என்கிறது. யார் என்பதில் ஐயமே இல்லை.

கயிற்றின் மறுமுனை

கரையிலும் அப்படி எழுத முடியும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆலையில் மாட்டும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளரில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று விதித்தது. அந்தச் சட்டம் பின்னர் 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. இரண்டு மொழியில் எழுதினால் மட்டும் போதாது. இரண்டிலும் எடை குறையாமல், ஆள் மறையாமல் இருக்க வேண்டும்.

அதே 1948 சட்டத்தின் 36வது பிரிவு, விஷவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள்ளும் குழிக்குள்ளும் மனிதர் இறங்குவதைப் பற்றியது. தகுதி பெற்ற ஒருவர் தாமே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லாவிட்டால், இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, கயிறு கட்டிய பெல்ட்டும் போட்டிருக்க வேண்டும்.

அந்தக் கயிற்றின் மறுமுனை? "பிடிக்கப்பட வேண்டும்" என்று மட்டும் சட்டம் விட்டுவிடவில்லை. ஆங்கிலத்தில் "பை" என்ற சொல்லைச் சேர்த்து, வெளியே நிற்கும் ஒருவரால் அது பிடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று எழுதியது. அந்த ஒரு சொல்லில், மறைந்திருந்த ஆள் வெளியே வந்துவிடுகிறார்.

பலகை எழுதுவோரும் படிப்போரும் இரண்டு கேள்வி கேட்டால் போதும். எத்தனை கட்டாயம்? யார் பொறுப்பு? உள்ளே இறங்கியவருக்கு இலக்கணம் தெரியாமல் இருக்கலாம். கயிற்றின் மறுமுனை யார் கையில் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.