இன்ஜின் விளக்கு எரிந்தால் சென்சாரை மாற்றியே ஆகணுமா?

டேஷ்போர்டில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரிகிறது. கார் ஓடத்தான் செய்கிறது. ஆனால், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 13-க்கு இறங்கிவிட்டது. சிக்னலில் நிற்கும்போது லேசான உதறல், சைலன்சர் பக்கம் பெட்ரோல் வாடை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, “ஆக்சிஜன் சென்சார் போச்சு சார், மாத்திடலாம்” என்கிறார்கள். தலையாட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

புகைக்குழாயில் திருகப்பட்டிருக்கும் விரல் நீளக் கருவி இது. 1976-ல் வால்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து, அந்தக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் இதன் வேலை. தகவல் தப்பானால், கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையும் பாழாக்கும். கன்வர்ட்டரின் விலை சென்சாரைப்போலப் பல மடங்கு!

ஆனால், ஸ்கேனர் காட்டும் கோடு தீர்ப்பு அல்ல, புகார்தான். உதாரணமாக, ‘பி0171’ என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று மட்டுமே பொருள். ஏதோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்று உள்ளே புகுந்தாலும் இதே கோடுதான் வரும். ‘பி0135’ வந்தால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் மின் இணைப்பில் கோளாறு. அதற்கு ஒரு ஃபியூஸ் போயிருந்தாலும் போதும். நம் ஊரில் எலி கடித்த ஒயரையும் மறக்கக் கூடாது.

எனவே, ‘லைவ் டேட்டா’வைக் காட்டச் சொல்லுங்கள். இன்ஜின் சூடான பிறகு, வழக்கமான வகை முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் உறைந்து நின்றாலோ, சோம்பலாக நகர்ந்தாலோ சந்தேகப்படலாம். கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சார் அசையாமல் நின்றால் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும். சில புதிய கார்களின் முன் சென்சாருக்கு இந்த வோல்ட் கணக்கே பொருந்தாது என்பதையும் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றுவது பெரிய வித்தையில்லை. பெரும்பாலும் 22 மி.மீ. ஸ்பேனர் போதும். துருப்பிடித்த மரையோடு மல்லுக்கட்டினால் மரை போய்விடும். துரு இளக்கும் ஸ்பிரே அடித்துக் காத்திருப்பது நல்லது. புதிய சென்சாரின் நுனியில் கிரீஸோ, கை அழுக்கோ படக் கூடாது.

கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நுனியில் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது; எண்ணெய்ப் பிசுக்கு என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது; சுண்ணாம்பு பூத்ததுபோல வெள்ளையாக இருந்தால் கூலன்ட் கசிவோ, கேஸ்கட்டுக்குத் தடவிய சிலிகான் பசையோ காரணமாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் விட்டால், புதிய சென்சாருக்கும் சீக்கிரமே அதே கதிதான்.