'ராம் நல்லாத்தான் இருக்கு சார்!'

கம்ப்யூட்டர் அடிக்கடி நீலத்திரை காட்டினால், மெக்கானிக் ஒரு பென்டிரைவைச் செருகி மெம்டெஸ்ட்86 என்ற சோதனையை ராத்திரி முழுக்க ஓட விடுவார். காலையில் பிழை 0 என்று வந்தால், "ராம் நல்லாத்தான் இருக்கு சார்" என்பார். கோளாறைப் பொறுத்தவரை சரி. பாதுகாப்பைப் பொறுத்தவரை?

ராம் என்பது ஓட்டைக் குடங்களின் அடுக்கு. ஒவ்வொன்றிலும் துளி மின்னேற்றம்; அது கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை நிரப்பியாக வேண்டும். அந்த இடைவெளிக்குள் ஒரே வரிசையை விடாமல் திறந்து மூடினால், தொடாத பக்கத்து வரிசை சீக்கிரம் வடிந்து, 1 இருந்த இடத்தில் 0 வந்துவிடும். இதுதான் 'ரோஹாமர்'. கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் இன்டெல்லும் 2014-இல் 129 ராம்களைச் சோதித்ததில் 110 சறுக்கின. சிலவற்றுக்கு 1,39,000 தடவை திறந்ததே போதுமாக இருந்தது.

ஒரு பிட் புரண்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றலாம். எந்த நிரலுக்கு எந்த நினைவிடம் என்று எழுதிவைத்திருக்கும் பட்டாவே அந்த ராமில்தான் இருக்கிறது. 2015-இல் கூகுளின் பிராஜெக்ட் ஜீரோ குழு அந்தப் பட்டாவில் ஒரு பிட்டைப் புரட்டி, லினக்ஸ் கணினியின் மொத்த நினைவகத்தையும் ஒரு சாதாரண நிரலின் கைக்குக் கொண்டுவந்தது.

மெம்டெஸ்ட்86-இன் ஆறாம் பதிப்பில் ரோஹாமருக்கென்றே ஒரு சோதனை சேர்ந்தது. முதலில் வரிசைகளை முழு வேகத்தில் திறந்து மூடி அடிக்கும். பிழை வந்தால், 64 மில்லிசெகண்டுக்கு 2 லட்சம் தடவை என்று வேகத்தைக் குறைத்து மறுபடி அடிக்கும். அதிலும் விழுந்தால்தான் பிழைக் கணக்கு. இல்லாவிட்டால் வெறும் எச்சரிக்கை. அந்த 2 லட்சம், ராம் தயாரிப்பாளர்கள் வகுத்த எல்லை. தாக்க வருபவர் அதோடு நிறுத்திக்கொள்வாரா என்ன?

டிடிஆர்4 ராம்களில், அடி வாங்கும் வரிசையைக் கண்டுபிடித்து அதன் அண்டை வரிசைகளை முன்கூட்டியே நிரப்பும் காவல் வந்தது. பழைய சோதனைகளில் இவை தேறின. 2020-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் ஒரே சமயத்தில் பல வரிசைகளை அடித்தார்கள். காவலுக்கு எதைக் கவனிப்பதென்று தெரியவில்லை. 42 ராம்களில் 13 விழுந்தன. மறு ஆண்டு சூரிச்சின் ஈடிஎச் குழு அடிக்கும் தாளத்தையே மாற்றிப் பார்த்தது. சோதித்த 40 ராம்களிலும் பிட்டுகள் புரண்டன.