செஞ்சி வட்டாரமும் மாற்று மின்சாரத்துக்கான அரசு மானியங்களும்

மின்வாரியத்தின் மின்சாரம் நின்றுபோகும் நேரத்தில் ஆலை, வயல், வீடு, மருத்துவமனை ஆகியவை தொடர்ந்து இயங்க ஜெனரேட்டர், பேட்டரி, சூரிய மின் அமைப்பு போன்றவை தேவைப்படுகின்றன. இவற்றுக்குத் தமிழ்நாடு அரசு தரும் நிதியுதவி ஒரே திட்டமாக இல்லை. பல துறைகளில் பிரிந்து கிடக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சியைச் சேர்ந்த அரிசி ஆலைக்காரர் மாவட்டத் தொழில் மையத்தை அணுக வேண்டும். அதே ஊர் விவசாயி வேளாண்மைப் பொறியியல் துறைக்குப் போக வேண்டும். வீட்டுக்காரருக்கு வேறொரு அலுவலகம். இந்த உதவிகளுக்குப் பொதுவான தன்மை ஒன்று உண்டு: கருவியை வாங்கும்போது பணம் கிடைக்கிறது, அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் கிடைப்பதில்லை.

பின்னணி

தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய மின்தட்டுப்பாடு 2012-இல் உச்சத்தைத் தொட்டது. அந்த ஆண்டு மாநிலத்தின் பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட். சென்னையில் மின்வெட்டு நாளொன்றுக்கு ஓரிரு மணி நேரமாக இருந்தபோது, உள் மாவட்டங்களின் சிற்றூர்களில் அது 12 மணி நேரத்தைத் தாண்டியது. புதிய மின்நிலையங்கள் தாமதமானது ஒரு காரணம். வட இந்தியாவிலிருந்து மின்சாரத்தை விலைக்கு வாங்கினாலும் அதைக் கொண்டுவரப் போதிய மின்தடம் இல்லாதது இன்னொரு காரணம். ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் வழியாகத் தென் மண்டலம் தேசிய மின்தொகுப்புடன் இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான். கூடங்குளம் முதல் அணு உலையும் அதே ஆண்டு அக்டோபரில்தான் மின்தொகுப்பில் சேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வசதி உள்ளவர்கள் வீட்டுக்கு இன்வெர்ட்டரும் கடைக்கு ஜெனரேட்டரும் சொந்தச் செலவில் வாங்கினார்கள்.

மின்னாக்கி மானியம்

குறு, சிறு, நடுத்தர உற்பத்தி நிறுவனங்கள் 320 கே.வி.ஏ. வரையிலான ஜெனரேட்டர் வாங்கினால், அதன் விலையில் 25 விழுக்காட்டை அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் வரை அரசு திருப்பித் தரும் திட்டம் இது. 8 லட்சம் ரூபாய் ஜெனரேட்டருக்கு 2 லட்சம் கிடைக்கும். விலை 20 லட்சத்தைத் தாண்டினால் மானியம் 5 லட்சத்தோடு நின்றுவிடும்.

செஞ்சியின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் நெல் வரத்துக்குப் பெயர் பெற்றது. நெல் வரும் இடத்தில் அரிசி ஆலைகளும் இருக்கும். ஆலைக்கு மின்வெட்டு என்பது வேலை நின்றுபோவது மட்டுமல்ல. புழுங்கலரிசிக்காக ஊறவைத்த நெல் நேரம் தவறினால் புளித்து வாடை வீசும். அவித்த நெல் உலர்த்தியில் பாதியில் நின்றால் நிறம் மங்கும். வியாபாரி விலையைக் குறைப்பார். போதாக்குறைக்கு, மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான ஓட்டத்தைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே ஆலையின் அன்றாடத் தேவையைவிடப் பெரிய ஜெனரேட்டரே வாங்க வேண்டியிருக்கிறது.

உண்மையான சுமை அதற்குப் பிறகுதான். ஒரு லிட்டர் டீசலில் நல்ல நிலையில் உள்ள ஜெனரேட்டர் 3 முதல் 3.5 யூனிட் வரை தரும். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு யூனிட்டின் எரிபொருள் செலவு மட்டும் 26 முதல் 31 ரூபாய். 30 கிலோவாட் சுமையை ஐந்து மணி நேரம் ஓட்ட 150 யூனிட் வேண்டும்; அதாவது சுமார் 45 லிட்டர் டீசல், நான்காயிரம் ரூபாய்க்கு மேல். இந்தச் செலவுக்கு மானியம் இல்லை. மேலும், முதலில் முழுப் பணத்தையும் கொடுத்து வாங்கியவருக்கே கால் பங்கு திரும்பக் கிடைக்கிறது. கடன் வாங்க முடியாத சிறு மாவு மில்லுக்கும் பட்டறைக்கும் இது எட்டாத உதவிதான்.

ஜெனரேட்டர் வைப்பவர்கள் மின்வாரிய இணைப்பையும் ஜெனரேட்டர் இணைப்பையும் ஒருசேர வேலை செய்ய விடாத மாற்று சுவிட்சைப் பொருத்தியாக வேண்டும். அது இல்லாவிட்டால் ஜெனரேட்டரின் மின்சாரம் தெருக்கம்பியில் பின்னோக்கிப் பாயும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மின் ஊழியரின் உயிருக்கே அது ஆபத்து.

சூரிய பம்புசெட்

தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் 1990 முதல் இலவசம். சிக்கல் கட்டணத்தில் இல்லை. இணைப்புக்காகக் காத்திருப்பதிலும் மும்முனை மின்சாரம் வரும் நேரத்திலும்தான் இருந்தது. 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் புதிய விவசாய இணைப்புகள் அறிவிக்கப்பட்டதே அந்தக் காத்திருப்புப் பட்டியலின் நீளத்துக்குச் சான்று. பி.எம். குசும் திட்டத்தின் கீழ் மின்தொகுப்பைச் சாராத சூரிய பம்புசெட்டுக்கு மத்திய அரசு 30 விழுக்காடு, மாநில அரசு 30 விழுக்காடு என 60 விழுக்காடு மானியம் கிடைக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியமும் உண்டு. மின்னாக்கி மானியத்தோடு ஒப்பிட்டால் இது தாராளமானது. எரிபொருள் செலவும் இல்லை. ஆனால் பகலில் மட்டுமே இறைக்கும். கார்த்திகை மாத மழை மூட்டத்தில் அதுவும் குறையும்.

வீடுகள்

2011-12-இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் ஆண்டுக்கு 60,000 வீடுகள் கட்ட முடிவானது. 300 சதுர அடி வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய். அதில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கு. கூரையில் ஒரு தகடு, ஒரு பேட்டரி, ஐந்து விளக்குகள். மின்வெட்டிலும் எரியும் என்பதால் இது உண்மையிலேயே மாற்று மின்சாரம். பேட்டரிதான் இதன் பலவீனம். ஈய அமில பேட்டரி சில ஆண்டுகளே உழைக்கும். அதன்பின் புதிதாக வாங்குவது குடியிருப்பவரின் பொறுப்பாகிறது. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல.

2012-ஆம் ஆண்டின் சூரிய எரிசக்திக் கொள்கையை ஒட்டி, வீட்டுக் கூரையில் அமைக்கும் சூரிய மின் அமைப்புக்குக் கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் மாநில ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. மின்தொகுப்புடன் இணைந்த, பேட்டரி இல்லாத சூரிய அமைப்பு, மின்வெட்டு நேரத்தில் தானாகவே நின்றுவிடும். வெயில் சுள்ளென்று அடித்தாலும் மின்விசிறி சுற்றாது. கம்பியில் வேலை செய்யும் ஊழியரைக் காக்கவே இந்த ஏற்பாடு. எனவே இவ்வகை மானியம் மின்கட்டணத்தைக் குறைக்கும், மின்வெட்டுக்கு மருந்தாகாது.

மருத்துவமனைகளும் புயலும்

அரசு மருத்துவமனைகளில் ஜெனரேட்டர் அரசுச் சொத்து. மானியம் என்ற பேச்சே இல்லை. அங்கே கேள்வி பராமரிப்பு பற்றியது. 2019 மே 7 அன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மழையின்போது மின்சாரம் தடைப்பட்டது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகள் சிலர் இறந்தனர். ஜெனரேட்டர் இயங்காததே காரணம் என்று உறவினர்கள் கூறினர். மருத்துவமனை நிர்வாகம் அதை மறுத்தது. தடுப்பூசிகளுக்கு இந்தக் கவலை குறைவு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ள பனிச்சுவர்க் குளிர்ப்பெட்டி நாளுக்கு எட்டு மணி நேர மின்சாரம் கிடைத்தாலே குளிரைக் காத்துக்கொள்ளும்.

விழுப்புரம் மாவட்டத்தில் நீண்ட மின்தடை என்பது பெரும்பாலும் புயலோடு வருவது. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் மின்கம்பங்களை வரிசையாகச் சாய்த்தது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரை கடந்தபோது செஞ்சிக்குக் கிழக்கே உள்ள மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. இத்தகைய நாட்களில் முதலில் நிற்பது குடிநீர்தான்; மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்ற மின்சாரம் இருக்காது. அப்போது ஊராட்சிகள் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தொட்டியை நிரப்புகின்றன. அந்தச் செலவில் பெரும்பகுதி டீசலுக்கே போகிறது.