ஸ்டிக் மாத்தினா ஆட்டம் மாறுமா?

பூல் பார்லரில் தோத்தவன் சொல்லும் முதல் டயலாக், "ஸ்டிக் சரியில்ல மச்சி." ரெண்டாவது, "டேபிள் ஒரு பக்கமா சாயுது." டேபிள் கதையை இன்னொரு இதழில் பார்க்கலாம். ஸ்டிக் கதையில் எவ்வளவு உண்மை இருக்குன்னுதான் இந்தக் கட்டுரை.

எங்க விங்கில் இது இப்போ காசு விஷயம் ஆகிவிட்டது. நண்பன் ஒருத்தன் ரெண்டு மாச இன்டர்ன்ஷிப்பில் வந்த ஸ்டைபண்ட் மொத்தத்தையும் ஒரு சொந்தக் கியூவில் போடலாமான்னு யோசிக்கிறான். அதே பணத்தில் லேப்டாப் பேட்டரியும் மாத்தணும், வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பணும். "நீ மெக்தானே, கணக்குப் போட்டுச் சொல்லு"ன்னான். போட்டேன்.

முதலில் எடை. கடைக்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான்: "18 அவுன்ஸா, 19ஆ, 21ஆ?" பூல் பந்து சுமார் 165 கிராம். 18 அவுன்ஸ் கியூ 510 கிராம், 21 அவுன்ஸ் 595 கிராம். முதல் வருஷம் படித்த மோதல் சமன்பாடு ஞாபகம் இருக்கா? கியூவின் எடையை, கியூவும் பந்தும் சேர்ந்த எடையால் வகுக்கணும். அதை, ஒன்றுடன் ரெஸ்டிட்யூஷன் குணகத்தைக் கூட்டி வரும் எண்ணால் பெருக்கணும். தோல் டிப்புக்கு அந்தக் குணகத்தை 0.75ன்னு வைங்க. 18 அவுன்ஸ் கியூவில் பந்து கியூவைவிட 1.32 மடங்கு வேகத்தில் கிளம்பும். 21 அவுன்ஸில் 1.37 மடங்கு. வித்தியாசம் 4 சதவீதம்கூட இல்லை. அதுவும் ரெண்டு கியூவையும் உங்க கை ஒரே வேகத்தில் தள்ளினால்தான். கனமான ஸ்டிக்கைக் கை கொஞ்சம் மெதுவாகத்தான் தள்ளும், அதனால் அந்த 4 சதவீதத்திலும் ஒரு பகுதி போயிடும். எடை என்பது கைக்கு எது வசதியோ அது, அவ்வளவுதான்.

இப்போ அதே சமன்பாட்டில் டிப்பை மட்டும் மாத்துங்க. பிரேக் அடிக்கன்னே வரும் கியூக்களில் பலவற்றில் ஃபினாலிக் பிசின் டிப் இருக்கும். கல்லு மாதிரி கடினம். குணகம் 0.85 பக்கம் போகும். பந்தின் வேகம் சுமார் 6 சதவீதம் ஏறுது. 85 கிராம் கூட்டி வாங்கினதைவிட, நுனியில் இருக்கிற சின்னத் துண்டு அதிகம் தருது. கியூ ஒன்றரை மீட்டர் நீளம். பந்தைத் தொடுவது 13 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிப் மட்டும்தான், அதுவும் ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட். கைப்பிடியில் டிராகன் படம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன.

டிப்போட வரலாறும் சுவாரசியம்தான். கியூ நுனியில் தோல் ஒட்டும் ஐடியாவுக்குப் பெயர் வாங்கினவர் பிரான்சுவா மாங்கோ என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசியல் காரணத்துக்காகச் சிறையில் இருந்தபோது அங்கிருந்த பில்லியர்ட்ஸ் டேபிளில் இதைச் செய்து பார்த்தார்னு சொல்றாங்க. வெறும் மரநுனியால் பந்தின் நடுவை விட்டு விலகி அடித்தால் வழுக்கும், தோல் பிடித்துக்கொள்ளும். இன்னைக்கு நாம போடுற எல்லா ஸ்பின்னுக்கும் ஆரம்பம் அதுதான்.

பிடிக்கிறதுக்கும் ஒரு எல்லை உண்டு. பந்தின் மையத்திலிருந்து ஆரத்தில் பாதி தூரம் வரை விலகி அடிக்கலாம். அதுக்கு மேல போனா மிஸ்க்யூ. அந்த இடத்தில் தொடுகோணம் 30 டிகிரி, அதனால் வழுக்காமல் இருக்க உராய்வுக் குணகம் சுமார் 0.58 வேணும். சாக் பூசிய தோல் டிப் இதை எட்டும். பளபளன்னு தேய்ந்து, சாக் ஒட்டாத பார்லர் டிப் எட்டாது. கியூ சாக் என்பது கிளாஸ் ரூம் சாக்பீஸ் இல்லை. 1897இல் வில்லியம் ஸ்பிங்க்ஸ், வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற ரெண்டு அமெரிக்கர்கள் காப்புரிமை வாங்கிய கலவையிலிருந்து வந்தது. முக்கியச் சரக்கு சிலிக்காவும் அலுமினியம் ஆக்சைடும், கிட்டத்தட்ட உப்புத்தாள் பொடி. ஷாட்டுக்கு ஷாட் சாக் தேய்க்கிறவனைப் பார்த்து "ஸீன் போடுறான்"னு சிரிக்காதீங்க.

இனிமேதான் காஸ்ட்லி கியூ விற்பவர்களின் உண்மையான பாயிண்ட் வருது. வெள்ளைப் பந்தின் வலது பக்கத்தில் அடிச்சுப் பாருங்க. பந்து நீங்க குறி வைத்த கோட்டில் போகாது, கொஞ்சம் இடது பக்கம் விலகித்தான் கிளம்பும். இதுக்குப் பேர் ஸ்குவர்ட். காரணம் உந்த அழிவின்மை. டிப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒரு மில்லிசெகண்டில் பந்து சுழல ஆரம்பித்துவிடும். சுழலும் பந்து டிப்பை வலது பக்கம் இழுக்கும், பதிலுக்குப் பந்து இடது பக்கம் தள்ளப்படும். நுனி எவ்வளவு கனமோ, பந்து அவ்வளவு விலகும்.

நுனியின் எடைன்னு சொன்னதைக் கவனிங்க, கியூவின் எடை இல்லை. பக்கவாட்டு அதிர்வு மரத்தில் ஓடுவதற்குள் பந்து கிளம்பிவிடுகிறது. அதனால் டிப்பிலிருந்து 15, 20 சென்டிமீட்டர் வரை இருக்கும் பகுதிதான் இந்த விஷயத்தில் பந்துக்குத் 'தெரியும்'. கைப்பிடி என்ற ஒன்று இருப்பதே பந்துக்குத் தெரியாது. ஷாஃப்ட் எவ்வளவு வளையுது என்பதுதான் காரணம்னு பார்லரில் அடிச்சுச் சொல்லுவாங்க. முக்கியக் காரணம் நுனி எடைதான். கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் பேராசிரியராக இருந்த டேவிட் அல்சியாடோரின் ஸ்லோமோஷன் வீடியோக்களைத் தேடிப் பாருங்க, டைனமிக்ஸ் பாடமே வேற மாதிரி புரியும்.

1990களில் பிரிடேட்டர் கம்பெனி பிரபலமாக்கிய லோ டிஃப்ளெக்‌ஷன் ஷாஃப்டின் ரகசியமும் இதுதான். நுனியைக் குடைந்து காலியாக்கி, டிப்புக்குக் கீழே இருக்கும் வெள்ளை வளையத்தைச் சின்னதாக்கிவிட்டாங்க. கார்பன் ஃபைபரும் அதே வழிதான், கூடவே ஈரக்காத்தில் கோணிப் போகாது. கடலோர ஊர்க்காரங்களுக்கு அது நிஜமான லாபம்.

லாபம் எவ்வளவு? சாதாரண ஷாஃப்டில் முழு ஸ்பின் போட்டு பந்து 2 டிகிரி விலகுதுன்னு வைங்க. ஒரு மீட்டர் போவதற்குள் 3.5 சென்டிமீட்டர் தள்ளிப் போயிடும். பந்தின் ஆரமே 2.86 சென்டிமீட்டர்தான். நேரா அடிக்க நினைச்ச பந்தின் ஓரத்தை உரசிட்டுப் போகும். விலகல் பாதியாகக் குறைந்தால் நீங்க மனசுக்குள் திருத்த வேண்டிய அளவும் பாதியாகுது.

ஆனா இது ஸ்பின் போடுறவங்களுக்கு மட்டும். நடுவில் அடிச்சா எந்தக் கியூவிலும் ஸ்குவர்ட் கிடையாது. நேர் ஷாட்டில் பத்துக்கு நாலு போடும் ஆள் கார்பன் ஷாஃப்ட் வாங்கினாலும் நாலுதான் போடுவான்.

அப்போ பார்லர் ஸ்டிக்கே போதுமா? அங்கதான் சிக்கல். ஒவ்வொரு கியூவுக்கும் ஸ்குவர்ட் அளவு வேற. நல்லா ஆடுறவங்க அந்த விலகலை யோசிக்காமலே திருத்துவாங்க, ஏன்னா மூளை அந்த ஒரு கியூவுக்கு ட்யூன் ஆகியிருக்கும். நாமளோ திங்கக்கிழமை ஒரு ஸ்டிக், வியாழக்கிழமை வேற ஸ்டிக். மோசமான கியூகூடப் பரவாயில்லை, தினம் மாறும் கியூதான் ஆளைக் கெடுக்குது.

ஸ்நூக்கர் ரசிகர்களுக்கு ஸ்டீபன் ஹெண்ட்ரி கதை தெரிஞ்சிருக்கும். 1990இலிருந்து 1999 வரை 7 உலகப் பட்டங்கள், எல்லாமே சிறுவயதில் வாங்கின ஒரே மலிவான கியூவில். 2003இல் விமானப் பயணத்தில் அது உடைந்தது. அதுக்கப்புறமும் வேற கியூவில் 2005 மால்டா கோப்பையை ஜெயிச்சார். உலகப் பட்டம் மட்டும் திரும்ப வரலை, ஆனா வயசும் ஃபார்மும் அதுக்கு முன்னாடியே இறங்கத் தொடங்கியிருந்தது. நான் இதில் எடுத்துக்கொள்வது விலையைப் பத்தித்தான். உலக சாம்பியனுக்கே 'மலிவு' தடையா இல்லை. (ஸ்நூக்கர் 1875இல் ஜபல்பூரில் பிறந்து, அதன் விதிகள் நம்ம ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் எழுதி வைக்கப்பட்டது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனசு வரலை.)

நண்பனுக்கு நான் சொன்னது இது. சொந்தக் கியூ வாங்கு, ஆனா ஸ்டைபண்ட்டில் சின்னப் பகுதிக்குள் முடி. டிசைனுக்குக் காசு கொடுக்காதே. கியூவைக் கண்ணுக்கு நேரே பிடிச்சு, துப்பாக்கிக் குழல் பார்ப்பது போல நேரா இருக்கான்னு பார். டிப் மாத்தக் கூடியதா கேள். கிடைத்த டிப் தட்டையா இருந்தா, 1 ரூபாய் நாணயத்தின் விளிம்பு வளைவுக்குத் தேய்த்துக் கொடுக்கச் சொல். சொந்தமா ஒரு சாக் வாங்கி வைத்துக்கொள்.

அவன் இன்னும் முடிவு பண்ணலை. கார்பன் ஷாஃப்ட் படத்தைத்தான் வால்பேப்பரா வச்சிருக்கான். பேட்டரி மட்டும் ஆர்டர் போட்டாச்சு.